வட்டக்களரியும் படச்சட்ட மேடையும்

மேற்கு நாடுகளில் ஓப்பரா என்றொரு கலை உண்டு. அதிலே கதை முழுவதையும் பாடியே நடிப்பார்கள். ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் நகரில் கோடை காலத்தில் அது ஏரியின் மேல் கட்டிய மேடையில் நடக்கிறது. உலகப் போர் முடிந்த மறுவருடம், 1946இல், இரண்டு சரக்குத் தோணிகளின் மேல் ஆடித் தொடங்கிய விழா அது. இன்று கரையில் சுமார் 7000 பேர் இருந்து பார்க்கிறார்கள். 2007இல் 'தொஸ்கா' என்ற ஓப்பராவுக்கு மேடையையே மாபெரும் கண்ணாக அமைத்திருந்தார்கள். வாத்தியக்காரர்களோ பக்கத்துக் கட்டடத்துக்குள் இருப்பார்கள். இசை ஒலிபெருக்கி வழியே வெளியே வரும்.

இதை வாசித்தபோது எனக்குக் கூத்துத்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் திறந்த வெளியில், பாட்டாலும் ஆட்டத்தாலும் கதை சொல்வதுதானே. ஆனால் அங்கே அண்ணாவியார் ஒளிந்திருப்பதில்லை. வட்டக்களரியின் நடுவே நின்று மத்தளம் கொட்டுவார். ஆடுவோர் அவரைச் சுற்றி ஆட, சனம் நான்கு பக்கமும் இருந்து பார்க்கும்.

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பதால், கொட்டியாரப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த கூத்துக்கு வாப்பா என்னைக் கூட்டிப் போனார். தொடங்கும்போதே ஒன்பது மணி தாண்டிவிட்டது. பதினொரு மணிக்கு வாப்பா எழும்பிவிட்டார். அரசன் இன்னும் கொலுவுக்கே வரவில்லை! விடியும்வரை நடக்கும் கூத்தில் நான் கண்டது தொடக்கம் மட்டுமே.

அதனால்தான் பேராசிரியர் சு. வித்தியானந்தன் செய்த மாற்றத்தை என்னால் வேறு விதமாகப் பார்க்க முடிகிறது. 1956இல் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள நாடக உலகையே திருப்பியது. அதற்கு அடியாக இருந்த நாடகமவோ தமிழ்க் கூத்தின் வழிவந்தது. நம்மிடமிருந்து போனது அங்கே புதுமையாக நிற்க, இங்கே படித்தவர்கள் கூத்தை நாட்டுப்புறத்தார் விஷயம் என்று ஒதுக்கியிருந்தார்கள். வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பழக்கி, 1962இல் 'கர்ணன் போர்' மேடையேற்றினார். விடிய விடிய ஆடியது ஒன்றரை மணித்தியாலம் அளவுக்குச் சுருங்கியது. பின்னர் வந்த 'இராவணேசன்' கூத்தில் மாணவராயிருந்த சி. மௌனகுரு இராவணனாக ஆடினார்.

இவர் கூத்தைக் காப்பாற்றினாரா, கெடுத்தாரா என்று இன்றும் வாதம் நடக்கிறது. வாதிப்பவர்கள் இரண்டு மாற்றங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள் என்பது என் எண்ணம். நேரத்தைக் குறைத்தது ஒன்று, வட்டத்தை விட்டது மற்றது. நேரம் குறைந்ததால் என்னைப் போன்ற பிள்ளைகளும் முழுக் கதையையும் பார்த்துவிட்டு நேரத்தோடு வீடு வரலாம். அதை நான் நட்டமாக எண்ணவில்லை. ஆனால் படச்சட்ட மேடைக்குப் போனதும் அண்ணாவியார் ஓரத்துக்குப் போய்விட்டார். நான்கு பக்கமும் திரும்பிப் படித்த பாட்டு ஒரு பக்கத்துக்கு மட்டும் என்றாயிற்று. அந்தத் திருப்பத்துக்காகவே அமைந்த ஆட்டத்துக்கும் வேலை குறைந்தது.

பிற்காலத்தில் சி. ஜெயசங்கர் மட்டக்களப்புச் சீலாமுனையில் எதிர்த்திசையில் போனார். கூத்தைக் களரியிலேயே, ஊராரோடு வைத்து, கதையை அவர்களோடு பேசி மாற்றினார். முக்கியமாகப் பெண்ணைக் காட்டும் விதம் அங்கே கேள்விக்குள்ளானது. பழைய கூத்தில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினார்கள் என்பதை நினைத்தால், அந்தக் கேள்வி எவ்வளவு பிந்தி வந்திருக்கிறது என்பது தெரியும்.

வட்டத்தையும் குறுகிய நேரத்தையும் சேர்த்து வைக்க முடியாதா? சென்ற தவணையில் வகுப்பறை மேசைகளைச் சுவரோரம் தள்ளி, நடுவே நின்று பத்து நிமிடக் காட்சி ஒன்றைப் பேசிப் பார்த்தோம். முதல் முறை, முதுகை மட்டும் பார்த்தவர்கள் முறைப்பட்டார்கள். இரண்டாம் முறை ஒவ்வொரு பேச்சையும் திரும்பித் திரும்பிச் சொன்னோம், காட்சி இருபது நிமிடமாகிவிட்டது. மூன்றாம் முறை பேச்சில் பாதியை வெட்டினோம். ஆசிரியை எந்தப் பக்கம் கதிரை போடுவது என்று தெரியாமல், கதிரையைப் பிடித்தபடியே நின்று பார்த்தார்.