எடைக்குப் போடாதீர்கள்! – பழைய மசில் காருக்கு நியாய விலை குறிப்பது எப்படி?

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



ஐந்தாம் செமஸ்டர் செமினாருக்கு நான் எடுத்த தலைப்பு ‘அமெரிக்க மசில் கார்கள்’. லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் அதைப் பற்றிச் சொன்னேன். அப்பா டிங்கர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சுத்தியலைப் பிடித்தவர். ரிப்பேர் பார்க்காத, துருப்பிடித்த பழைய காருக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறார்கள் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப நம்ம ஜாவாவுக்கு எவ்வளவு கேட்டிருக்கணும்?” என்றார்.

அது தாத்தாவின் வண்டி. நான் முதலாமாண்டு சேர்ந்தபோது ஃபீஸ் கட்டப் பணம் குறைந்தது. கொல்லையில் நின்ற வண்டியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டோம். கடைக்காரர் ஆர்.சி. புக்கைக்கூடக் கேட்கவில்லை. அது இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அப்பாவின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. செமினாருக்காகப் படித்ததை வைத்து இங்கே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

மசில் கார் என்றால் என்ன?

நடுத்தர அளவுள்ள இரண்டு கதவுக் காரில் பெரிய வி-8 எஞ்சினைப் பொருத்தி, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலைக்கு விற்றார்கள். அதுதான் மசில் கார். 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இதற்கு வழி போட்டது என்பார்கள். அதன் எஞ்சின் 389 கன அங்குலம், அதாவது சுமார் 6.4 லிட்டர். நம்ம மாருதி 800 எஞ்சினைப் போல எட்டு மடங்கு! பிறகு புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, இன்சூரன்ஸ் ஏறியது, 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. இந்த வண்டிகளின் காலம் முடிந்தது. பல வண்டிகள் கொட்டகையில் ஒதுங்கின. அப்படி நின்ற ஒன்றை விற்க வேண்டும் என்றால் என்ன விலை சொல்வது?

படி 1: எந்த வகை என்று பிரியுங்கள்

ரெஸ்டோர் செய்யாத வண்டியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கம்பெனி பெயின்ட், கம்பெனி சீட்டோடு நன்றாகவே இருப்பது. இன்னொன்று, துருவேறி, பாகங்கள் கழன்று, வேலை பார்த்தால்தான் ஓடும் என்ற நிலையில் இருப்பது. முதல் வகையில் பழமைக்கே விலை. பெயின்ட் எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் கம்பெனி அடித்த பெயின்டைச் சுரண்டிவிட்டால் திரும்ப வராது. எனவே விற்பதற்கு முன் ‘கொஞ்சம் பளபளப்பாக்குவோம்’ என்று கை வைக்கவே கூடாது.

படி 2: நம்பரைப் படியுங்கள்

‘புல்லிட்’ என்ற 1968-ம் வருஷப் படத்தில் ஓடிய பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங்கின் எண் 8R02S125559. இதில் 8 என்றால் 1968-ம் வருஷ மாடல். R என்றால் சான் ஹோசே தொழிற்சாலை. 02 என்றால் பின்பக்கம் சரிந்த ஃபாஸ்ட்பேக் பாடி. S என்றால் 390 கன அங்குல எஞ்சின். மீதி வரிசை எண். ஒரு தகடு இவ்வளவு பேசுகிறது!

ஆனால் எல்லா வண்டியும் இப்படிப் பேசாது. 1964, 65 ஜி.டி.ஓ.க்கள் லெமான்ஸ் மாடலின் மேல் ஆப்ஷனாக விற்கப்பட்டவை. வண்டி எண்ணை மட்டும் வைத்து ஜி.டி.ஓ.தானா என்று சொல்ல முடியாது, கம்பெனி ரெக்கார்டு வேண்டும். சாதா லெமான்ஸில் ஜி.டி.ஓ. பேட்ஜ் ஒட்டி விற்றவர்களும் உண்டு. எஞ்சின் பிளாக்கில் குத்திய எண்ணும் வண்டி எண்ணும் ஒத்துப்போனால் ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்பார்கள். அதற்குத் தனி விலை. காகிதம் இருந்தால் இன்னும் கூடும்.

படி 3: தகரத்தைப் பாருங்கள்

எஞ்சினை இறக்கிச் சரி பண்ணிவிடலாம். பணத்தை விழுங்குவது துருதான். பனி விழும் மிச்சிகன், ஒஹாயோ பக்கம் ரோட்டில் உப்புப் போடுவார்கள், அந்த வண்டிகளில் அடித்தகரம் சீக்கிரம் போகும். அரிசோனா மாதிரி வறண்ட ஊர் வண்டி என்றால் தகரம் தப்பித்திருக்க வாய்ப்பு அதிகம். தரைத்தகடு, டிக்கி அடி, பின் சக்கரத்துக்கு மேலே உள்ள தகரம், கண்ணாடிக்குக் கீழ்ப்பகுதி ஆகியவற்றை அவசியம் பார்க்க வேண்டும்.

மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை பாடியில் நகர்த்திப் பார்க்கச் சொல்லிப் புத்தகத்தில் இருந்தது. கனமாக பட்டி பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காது. இதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். “இதுக்குப் புத்தகம் வேறயாடா?” என்று சிரித்தார். விரல் முட்டியால் தட்டினாலே அவருக்குத் தெரியும்!

படி 4: பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

வேலை பார்க்க வேண்டிய வண்டிக்கு, முடித்த வண்டியின் விலையிலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும். உதாரணத்துக்கு நானே வைத்துக்கொண்ட எண்கள் (டாலரில்):

நன்றாக முடித்த வண்டியின் விலை – 60,000
பாடி வேலை – 15,000
பெயின்ட் – 12,000
எஞ்சின், கியர்பாக்ஸ் – 8,000
சீட், உள்வேலை – 6,000
செலவு மொத்தம் – 41,000
எதிர்பாராத செலவு 15 சதவீதம் – 6,150
மீதி – 12,850

ஆகவே 14,000 என்று சொல்லி, 12,500-க்குக் கீழே இறங்காமல் நிற்கலாம். ‘முடிச்சா அறுபதாயிரம் போகும், அதனால நாப்பது குடு’ என்பது நியாயம் இல்லை. வாங்குபவனின் உழைப்பை இனாமாகக் கேட்பது அது.

படி 5: விற்ற விலையைப் பாருங்கள்

அடுத்தவர் கேட்கும் விலை சாட்சி ஆகாது, கை மாறிய விலைதான் சாட்சி. அதிலும் கவனம் வேண்டும். அந்தப் புல்லிட் மஸ்டாங்கை ஒரு குடும்பம் 1974-ல் 6,000 டாலருக்கு வாங்கி, வீட்டு வண்டியாக ஓட்டியது. 1980 வாக்கில் கிளட்ச் போய் நின்றுவிட்டது. அடிபட்ட தழும்புகளைக்கூட மறைக்காமல், 2020 ஜனவரியில் புளோரிடாவில் ஏலம் விட்டார்கள். சுத்தியல் விழுந்தது 34 லட்சம் டாலரில். ஏலக் கட்டணத்தோடு வாங்கியவர் கொடுத்தது 37.4 லட்சம். பேப்பரில் பெரிய எண்தான் வரும், விற்றவர் கைக்கு வருவது அது அல்ல. மேலும் அது சினிமா வண்டியின் விலை. தெருவில் ஓடிய மஸ்டாங்குக்கு அதை அளவுகோலாக வைக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. எஞ்சின் மாற்றியது, பட்டி பூசியது, மீட்டர் ஓடாதது எல்லாவற்றையும் விலையோடு சேர்த்தே சொல்லிவிட வேண்டும். மறைத்துச் சொன்ன விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நியாய விலை ஆகாது.

அப்பாவுக்கு என் பதில் இதுதான்: “நம்பர் இருந்துச்சு, புக் இருந்துச்சு, தாத்தா ஒரு பாகத்தைக்கூட மாத்தல. நாம கிலோ கணக்குல பேசியிருக்கவே கூடாதுப்பா.” வண்டியின் விலை இரும்பில் மட்டும் இல்லை, அதைப் பற்றி விற்பவனுக்கு என்ன தெரியும் என்பதிலும் இருக்கிறது. தெரியாதவன் விற்றால் எடைக்குத்தான் போகும்.

நண்பர்களே, உங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஏதாவது வண்டி நிற்கலாம். ஃபீஸ் கட்ட விற்கத்தான் வேண்டும் என்றால் விற்போம், அதில் வெட்கம் இல்லை. ஆனால் தராசில் ஏற்றுவதற்கு முன் நம்பர் தகட்டைத் துடைத்து ஒரு முறை படித்துப் பாருங்கள். படிக்கத்தானே நம்மை அனுப்பியிருக்கிறார்கள்!