இரைச்சலும் வலசைப் பறவைகளும்

கேள்வி: வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சத்தம் பறவைகளை அவ்வளவு பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். 2012இல் அமெரிக்காவின் ஐடஹோவில், வலசைப் பறவைகள் இளைப்பாறும் மலைமுகட்டில், சாலையே இல்லாத இடத்தில் ஒலிபெருக்கிகளை வரிசையாக வைத்து, வாகன இரைச்சலை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். பறவைகள் கால் பங்குக்கு மேல் குறைந்தன. மிஞ்சியவை பழகிக்கொண்டன அல்லவா என்று கேட்கலாம். அவற்றிலும் பல உடல் தேறவில்லை. எதிரியின் வரவைக் காதால் அறிய முடியாதபோது பறவை இரை கொத்துவதை விட்டு அடிக்கடி தலைதூக்கிப் பார்க்கிறது. அடுத்த பயணத்துக்கான கொழுப்பு சேர்வதில்லை. ஒருநாள் வெடியும் ஓயாத இரைச்சலும் ஒன்றல்ல என்பது சரியே. ஆனால் தீபாவளி, கூடுகட்ட இடம் தேடும் பருவத்தை ஒட்டி வருகிறது; அப்போது மிரளும் பறவை அவ்விடத்தையே கைவிடக்கூடும். சரணாலயக் கண்மாயில் நீரில்லாவிட்டால் அமைதி மட்டும் போதாதுதான். இருந்தும், அந்த ஊர்ப் பிள்ளைகளின் விட்டுக்கொடுத்தலை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.