செவிகள் பலவிதம்

ஒரே இல்லத்தில் வளரும் மூன்று பிள்ளைகளின் செவிகள் மூன்று விதமாக இருக்கக்கூடும். ஒருவனுக்கு ராக் இசையின் முழக்கம் பிடிக்கும்; மற்றொருத்திக்குக் கிட்டாருடன் இழையும் மெல்லிசை; இளையவனுக்கோ ராப். இம்மூவரின் உள்ளத்தையும் இறைவன்பால் திருப்பும் பாடல்களை எங்கே தேடுவது? அமெரிக்கக் கிறிஸ்தவப் பெற்றோர் பலர் எதிர்கொள்ளும் கேள்வி இது.

கேள்வி பழமையானது. 1674-இல் இங்கிலாந்தில் பிறந்த ஐசக் வாட்ஸ், இளமையில் தம் சபையில் பாடப்பட்ட சங்கீதங்கள் உயிரற்றிருப்பதாகத் தந்தையிடம் குறைபட்டார் என்றும், 'அப்படியானால் நீயே சிறந்ததொன்றை எழுது' என்று தந்தை பணித்தார் என்றும் கூறப்படுகிறது. 1707-இல் வெளிவந்த அவருடைய பாடல் தொகுப்பு, ஆங்கிலத் திருச்சபைகளின் வழிபாட்டையே மாற்றியது. மகனின் சலிப்பைத் தந்தை அவமதிப்பாகக் கொண்டிருந்தால் அந்த ஊற்று அடைபட்டிருக்கும்.

1969-இல் லாரி நார்மன், கிறிஸ்துவைப் பற்றிய பாடல்களை ராக் இசையில் அமைத்துத் தொகுப்பாக வெளியிட்டார். அந்த இசையே தகாதது என்று பல சபையினர் முகம் சுளித்தனர். எனினும் ஓடை பல கிளைகளாகப் பெருகியது. ஏமி கிராண்ட் பதின்வயதிலேயே பதிவு செய்த மெல்லிசைப் பாடல்கள் 1977-இல் வெளிவந்தன. டிசி டாக் குழுவினர் 1995-இல் ராக்கையும் ராப்பையும் இணைத்தனர். 1997-இல் கிர்க் ஃபிராங்க்ளின், கறுப்பின மக்களின் காஸ்பெல் மரபை நடன இசையின் தாளத்தோடு கலந்தார். ராப் பாடகர் லெக்ரேயின் 2012-ஆம் ஆண்டுத் தொகுப்பு, மறு ஆண்டில் காஸ்பெல் பிரிவில் கிராமி விருது பெற்றது. ஆகவே, எந்தச் சுவையுடைய பிள்ளைக்கும் இன்று பாடல் உண்டு. தேர்ந்தெடுக்கும் முறையை அறிவதே தேவை.

முதலாவதாக, பிள்ளை விரும்பும் இசையைப் பெற்றோர் அவனுடன் அமர்ந்து கேட்க வேண்டும். அவனை ஈர்ப்பது தாளமா, குரலா, சொல்லா என்பது அப்போதுதான் புலப்படும். அதே வகையில் தேர்ந்த கலைஞரின் பாடலையே தர வேண்டும். நல்ல கருத்து இருப்பதற்காக அரைகுறை இசையை இளையோர் ஏற்பதில்லை.

இரண்டாவதாக, பாடலின் சொற்களை இசையின்றி ஒருமுறை வாசிக்க வேண்டும். இசை நீங்கியபின் பொருள் எஞ்சுகிறதா? மகிழ்ச்சியை மட்டுமே பாடும் பாடல்கள், துயருற்ற இளைஞனுக்குத் துணை நிற்பதில்லை. விவிலியத்தின் சங்கீத நூலில் புலம்பல்களும் பல உள்ளன. ஐயத்தையும் கண்ணீரையும் இறைவன் திருமுன் வைக்கும் பாடல்கள் அவர்களுக்கு வேண்டும்.

மூன்றாவதாக, பாடுபவரின் வாழ்வையும் நோக்குதல் நன்று. புகழ்பெற்ற பாடகரான ரிச் மல்லின்ஸ் தம் வருவாயில் சாதாரண உழைப்பாளியின் ஊதியத்தளவே பெற்றுக்கொண்டு, எஞ்சியதை அறப்பணிக்கு விட்டார். 1995-இல் நவஹோ பழங்குடியினரிடையே குடியேறிச் சிறுவர்களுக்கு இசை கற்பித்தார். இதை அறிந்த இளைஞன் அவருடைய பாடலை வேறு செவியால் கேட்பான்.

வாரத்தில் ஒருநாள் மாலை, குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒரு பாடலைக் கொணர்ந்து, அது தமக்கு ஏன் பிடிக்கிறது என்று கூறலாம். பெற்றோரும் தம் பழைய கீர்த்தனையைக் கொணரட்டும். தன் பாடல் மதிக்கப்பட்ட இடத்தில் பிறர் பாடலுக்கும் பிள்ளை செவி கொடுப்பான்.

பாடலின் கருத்து தவறாயின் அதை எடுத்துரைப்பது பெற்றோரின் கடமை. ஆனால் தாளத்தை மட்டும் கேட்டுப் பழிக்கும்போது, இறைவனின் இல்லத்தில் தனக்கு இடமில்லை என்று அப்பிள்ளை எண்ணிவிடக்கூடும். அவ்வெண்ணத்துடன் விலகிச் சென்றவனை மீட்டழைப்பது எளிதன்று. பொறுமையுடன் ஒரு பாடலைக் கேட்டு முடிப்பது அதனினும் எளிது.