மூலம் அழியாத திருத்தம்: படத்தொகுப்பு மென்பொருளும் பொறியாளர் பணியும்

தோற்றுவாய்

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞர், பொருந்தும் எனத் தமக்குத் தோன்றும் பாடத்தை மேலே அச்சிடுவார். ஏனைய பாடங்களை அடிக்குறிப்பில் தருவார். தம் முடிவு பிழையாயின், பின்வருவோர் சுவடியின் சொல்லை அணுகும் வழி அடைபடலாகாது என்பதே இம்முறையின் உட்கருத்தாகும். கணினியில் ஒளிப்படங்களைத் திருத்தும் மென்பொருளை உருவாக்கிய பொறியாளர்களும் இதே சிக்கலை எதிர்கொண்டனர். அவர்தம் பணி எத்தகையது, அச்சிக்கலை எவ்வாறு தீர்த்தனர் என்பவற்றை ஃபோட்டோஷாப், கிம்ப் ஆகிய இரு மென்பொருள்களின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது எங்கள் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று. என் பாட்டனாரின் ஒரே ஒளிப்படத்தைப் புதுப்பித்துத் தருமாறு ஒரு படக்கூடத்தில் கொடுத்திருந்தோம். கறைகள் நீங்கின, மடிப்புகள் மறைந்தன, அவற்றோடு பாட்டனாரின் கன்னத்து அம்மைத் தழும்புகளும் மறைந்தன. படத்தைக் கையில் வாங்கிய என் தாயார், “இது எங்க வாப்பா முகமில்லையே” என்றார். பழைய படத்தைக் கேட்டபோது அது தவறிவிட்டது என்றனர். கணினியிலும் திருத்திய படத்தையே முதற்படத்தின்மேல் பதிந்து வைத்திருந்தனர். திரும்பிச் செல்ல வழியில்லை.

இரு சகோதரர் முயற்சி

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்தவர் தாமஸ் நோல். 1987ஆம் ஆண்டு அவரிடம் இருந்த மேகிண்டோஷ் பிளஸ் கணினியின் திரை கறுப்பு, வெள்ளை இரண்டை மட்டுமே காட்டும். இடைப்பட்ட சாம்பல் நிறத்தைக் காட்டாது. கறுப்புப் புள்ளிகளையும் வெள்ளைப் புள்ளிகளையும் தக்கவாறு கலந்து பரப்பினால் கண் அதனைச் சாம்பலாக உணரும். செய்தித்தாள் படங்கள் நெடுங்காலமாக இவ்வாறே அச்சாயின. இம்முறையில் படத்தைத் திரையில் காட்டும் சிறுநிரல் ஒன்றை அவர் எழுதினார். திரைப்படச் சிறப்புக்காட்சிகளை உருவாக்கும் நிறுவனமொன்றில் பணியாற்றிய அவர்தம் உடன்பிறந்தார் ஜான் நோல், அதனை முழுமையான மென்பொருளாக வளர்க்கத் தூண்டினார். தந்தையார் வீட்டில் அமைத்திருந்த இருட்டறையில் படங்களைக் கழுவிப் பழகிய அனுபவமும் அவர்களுக்குத் துணை நின்றது.

அம்மென்பொருளே ஃபோட்டோஷாப். அடோபி நிறுவனம் 1990ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அதன் முதற்பதிப்பை வெளியிட்டது. அதன் தொடக்க காலப் பதிப்பொன்றின் மூலநிரலைக் கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2013ஆம் ஆண்டு பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. ஏறத்தாழ 1,28,000 வரிகள் கொண்ட அந்நிரலின் பெரும்பகுதி பாஸ்கல் மொழியில் அமைந்தது. விரைவு வேண்டிய பகுதிகள் கணினிச் சில்லுக்கு மிக நெருங்கிய அசெம்பிளி மொழியில் எழுதப்பெற்றன.

மேகிண்டோஷுக்கு உரியதாயிருந்த இம்மென்பொருளை 1993ஆம் ஆண்டு விண்டோஸ் கணினிகளுக்குக் கொண்டுசென்ற பொறியாளர் சீதாராமன் நாராயணன். ஃபோட்டோஷாப்பைத் திறக்குங்கால் தோன்றிய முகப்பில் இடம்பெற்ற பொறியாளர் பெயர்களுள் தமிழர் செவிக்கு அயலாகத் தோன்றாத இப்பெயரும் ஒன்று. படம் திருத்துவோர் கண்ணில் நொடிப்பொழுது தோன்றி மறையும் அப்பட்டியலே பொறியாளர்க்குக் கிட்டிய கல்வெட்டு எனலாம்.

எண்ணாகிய படம்

கணினிக்குப் படம் என்பது எண்களின் அணிவரிசையே. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். நீளவாக்கில் 1,000, அகலவாக்கில் 1,000 புள்ளிகள் கொண்ட படத்திற்கு 30 இலட்சம் பைட்டுகள் வேண்டும். மேகிண்டோஷ் பிளஸ் கணினியோ ஏறத்தாழ 10 இலட்சம் பைட்டு நினைவகத்துடனேயே விற்கப்பட்டது. நாழி கொள்ளும் கலத்தில் மூன்று நாழி அரிசியை இடும் முயற்சி இது.

இதற்குப் பொறியாளர் கண்ட வழி, படத்தைச் சிறு கட்டங்களாகப் பகுப்பதாகும். வேண்டிய கட்டங்கள் மட்டும் நினைவகத்தில் இருக்கும். ஏனையவை வட்டில் காத்திருக்கும். பயன்படுத்துவோர் இப்போக்குவரத்தை அறியார். அறியாதிருக்கச் செய்வதே பொறியாளரின் திறம்.

ஒரு படி பின்வாங்கல்

செய்த திருத்தத்தை நீக்கி முன்னிலைக்கு மீள வேண்டுமாயின், முன்னிலை எங்கேனும் சேமிக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒவ்வொரு திருத்தத்திற்கும் முழுப்படத்தையும் படியெடுத்தால் நினைவகம் தாங்காது. கட்டப்பகுப்பு ஈண்டும் உதவுகிறது. எடுத்துக்காட்டாக, கட்டமொன்று 64க்கு 64 புள்ளிகள் எனக் கொள்வோம். முகத்திலுள்ள ஒரு தழும்பை நீக்கினால் மிகுதியும் நான்கு கட்டங்களே மாறும். அவற்றின் பழைய வடிவைக் காக்க 49,152 பைட்டுகள் போதும். 30 இலட்சம் வேண்டா. மாறாத கட்டங்களைப் பழைய நிலையும் புதிய நிலையும் தமக்குள் பகிர்ந்துகொள்ளும். எனினும் ஃபோட்டோஷாப்பில் பல படிகள் பின்செல்லும் வசதி 1998ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான் அமைந்தது. அதற்கு முன் ஒரே ஒரு படி மட்டுமே மீள இயலும்.

அடுக்குமுறையும் மூலத்தின் காப்பும்

பின்வாங்கும் வசதி இருப்பினும் கோப்பை மூடியபின் பழைய நிலை கிட்டாது. மேலும், திருத்தத்திற்கு எதிர்த்திருத்தம் செய்து மூலத்தை மீட்கலாம் என்று கருதுவதும் பொருந்தாது. அருகருகே உள்ள இரு புள்ளிகளின் எண்கள் 230, 250 எனக் கொள்வோம். ஒளியை 40 அளவு கூட்டினால் அவை 270, 290 ஆதல் வேண்டும். 255க்கு மேல் இடமில்லையாதலின் இரண்டும் 255 ஆகின்றன. பின்னர் 40 குறைத்தால் இரண்டும் 215 ஆகும். இரண்டிற்கும் இடையே இருந்த 20 என்னும் வேறுபாடு மறைந்தேவிட்டது. முகத்தின் வரியும் தழும்பும் இத்தகைய சிறு வேறுபாடுகளால் ஆனவையே.

இந்நிலையை மாற்றியது அடுக்குமுறை. 1994ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பில், கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போலப் படங்களை அடுக்கும் வசதி அமைந்தது. மேலடுக்கின் எண் 200, கீழடுக்கின் எண் 100, மேலடுக்கு பாதியளவு ஒளி புகுவது எனின், கண்ணுக்குத் தெரிவது 150. ஆயினும் 200, 100 ஆகிய இரண்டும் அழியாமல் இருக்கும்.

1996ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு மேலும் ஒரு படி சென்றது. திருத்தத்தின் விளைவைச் சேமியாமல், ‘ஒளியை 40 கூட்டுக’ என்னும் கட்டளையை மட்டும் ஓர் அடுக்காகச் சேமித்தது. காட்டுங்கால் மட்டும் கணினி அக்கணக்கைச் செய்யும். அடுக்கை நீக்கினால் 230உம் 250உம் அப்படியே நிற்கும். அடிக்குறிப்புப் பதிப்புமுறையின் பயனை இது கணினியில் தருகிறது. பதிப்பாசிரியர் கருத்தும் தெரிகிறது, சுவடியும் சிதையவில்லை. இதற்குப் பொறியாளர் கொடுத்த விலை விரைவு. ஒவ்வோர் அசைவிலும் அடுக்குகள் அனைத்தையும் கணக்கிட வேண்டியிருத்தலின், திரையில் தெரியும் பகுதியை மட்டும் கணக்கிடுதல் போன்ற சிக்கன வழிகளை நாட வேண்டியதாயிற்று.

கிம்ப்பின் நெடும்பயணம்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக மாணவர்களாகிய ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மேட்டிஸும் 1995ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது கிம்ப். எவரும் அதன் மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். மூலத்தைக் காக்கும் திருத்தமுறைக்கு ஏற்ற புதிய கணக்கீட்டு அடித்தளத்தை 2008ஆம் ஆண்டு வந்த 2.6 பதிப்பில் புகுத்தத் தொடங்கினர். 2018இல் வந்த 2.10 பதிப்பில் பெரும்பகுதி மாற்றம் நிறைவுற்றது. 2025ஆம் ஆண்டு மார்ச் திங்களில் வந்த 3.0 பதிப்பிலேயே அம்முறை பயன்படுத்துவோர் கைக்கு வந்தது. மக்கள் வாழும் வீட்டிற்கு, குடியிருப்போர் வெளியேறாமலே, கடைக்கால் மாற்றியமைத்த பணி இது. முன்னைய கோப்புகளும் திறக்க வேண்டும். பழகிய கைகளும் தடுமாறலாகாது. புதியன படைத்தலினும் இப்பொறுமையே பொறியாளர் பணியில் பெரும்பகுதி என்பதை மாணவர் உணர்தல் நலம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் படத்தொகுப்பு மென்பொருளின் வளர்ச்சி, படத்தை மாற்றும் ஆற்றலின் பெருக்கம் மட்டுமன்று. மாற்றிய பின்னும் மூலத்தைக் காக்கும் ஆற்றலின் பெருக்கமும் ஆகும் என்பது பெறப்படும். எனினும் பொறியாளர் வழியை அமைக்கவே இயலும். அவ்வழியில் நடப்பது கருவியைக் கையாள்வோர் கடமை. எங்கள் பாட்டனார் படத்தைத் திருத்தியவர் கருவியிலும் அடுக்குகள் இருந்தன. அவர் அவற்றைப் பயன்படுத்தவில்லை. வேறு பெயரிட்டுச் சேமித்திருந்தாலும் அத்தழும்புகள் எங்களுக்கு எஞ்சியிருக்கும்.

நம் இல்லங்களில் பழம்படங்களும் கைப்பிரதிகளும் கணினிக்குள் ஏற்றப்பட்டு வருகின்றன. மாணவச் செல்வங்கள் அப்பணியில் ஈடுபடுங்கால், முதலில் எடுத்த படியைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, மற்றொரு படியில் திருத்தம் செய்வார்களாக. கறையையும் தழும்பையும் பிரித்தறிய ஐயமெழுந்தால், அம்முகத்தை நேரில் கண்ட பெரியவர்களைக் கேட்பார்களாக.