நட்சத்திரப் படத்தைத் துலக்கும் கல்வி



வானத்து நட்சத்திரங்களையும் ஒளிமேகங்களையும் காமிராவில் பிடித்து, அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் துலக்கி எடுக்கும் வித்தையை வீட்டிலிருந்தபடியே வீடியோப் பாடங்கள் மூலம் கற்க இயலுமா என்று சிலர் கேட்டிருந்தனர். இயலும். மத்ரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே நமது படிப்பு. கடை சாத்திக் கல்லாக் கணக்கை முடித்தபின் கிடைக்கும் ஒரு மணி நேரமே நமது பள்ளிக்கூடம். அப்படியிருந்தும் ஓராண்டாகப் பயின்று வருகிறோம். ஆகவே மெத்தப் படித்தவர்களுக்கன்றி, நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கென்றே இதனை எழுதுகிறோம்.

சிங்கப்பூரில் ஏது நட்சத்திரம் என்று கேட்பது நியாயமே. 2016-ல் வெளியான உலக ஒளிமாசு வரைபடம் நம் ஊரைத்தான் முதலிடத்தில் வைத்தது. இங்கு வாழ்வோரின் கண் முழு இருட்டுக்குப் பழகவே முடியாத அளவுக்கு இரவு வெளிச்சமாயிருக்கிறது என்பது அதன் முடிவு. ஆயினும் கண்ணுக்கும் காமிராவுக்கும் ஒரு பேதம் உண்டு. கண் வந்த ஒளியை அப்போதைக்கப்போது செலவழித்துவிடும். காமிராவோ உண்டியல் போலச் சேர்த்து வைக்கும். சேர்த்ததை எண்ணிச் சுத்தம் செய்து காட்டுவதுதான் படம் துலக்கும் வித்தை.

இதில் தலையாய பாடம் படங்களை அடுக்குதல். ஆங்கிலப் பாடங்களில் ஸ்டாக்கிங் என்பார்கள். வானத்தில் ஒரே இடத்தை 5 விநாடி வீதம் 200 முறை எடுத்தால் 1,000 விநாடி, அதாவது 16 நிமிடம் 40 விநாடி ஒளி கைக்கு வரும். நட்சத்திரத்தின் மெய்யான ஒளி ஒவ்வொரு படத்திலும் இருந்த இடத்திலேயே இருக்கும். காமிராவின் இரைச்சல் எனப்படும் புள்ளிகளோ ஒரு படத்தில் கூடவும் மறு படத்தில் குறையவும் தாறுமாறாக விழும். எல்லாவற்றையும் நட்சத்திரத்தோடு நட்சத்திரம் பொருத்திச் சராசரி எடுத்தால், மெய் நிற்கும், பொய் அடங்கும். 100 படம் அடுக்கினால் ஒரு படத்தைவிட 10 மடங்கு தெளிவு. 400 அடுக்கினால் 20 மடங்கு. இரட்டிப்புத் தெளிவுக்கு நான்கு மடங்கு உழைப்பு என்பது இதன் கணக்கு. முதல் போடப் போட லாப விகிதம் இறங்கும் வியாபாரம் இது. எங்கே நிறுத்துவதென்று கடைக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாங்கி விமானம் ஒன்று நடுவே கோடு கிழித்துப் போனாலும் கவலையில்லை. மற்ற எல்லாப் படங்களோடும் ஒவ்வாத அந்தப் புள்ளிகளைக் கம்ப்யூட்டர் தானே தள்ளிவிடும்.

அடுத்தது டார்க் என்னும் கறுப்புப் படம். பருப்பு மூட்டையைத் தராசில் வைத்தால் சாக்கின் எடையும் சேர்ந்தே காட்டும். காலிச் சாக்கைத் தனியே நிறுத்துக் கழிக்கிறோம் அல்லவா? காமிராவின் சூட்டினால் ஒளியே இல்லாத இடத்திலும் புள்ளிகள் தோன்றும். லென்ஸை மூடி வைத்து, அதே விநாடி, அதே ஐஎஸ்ஓ அளவு, அதே வெப்பத்தில் இருபது முப்பது படம் எடுத்து, அதைக் கழிக்க வேண்டும். பிளாட் என்பது வேறு. லென்ஸின் ஓரங்கள் நடுவைவிடக் குறைவாகவே ஒளி வாங்கும். தூசியும் வட்டம் வட்டமாக நிழல் போடும். லென்ஸின் மேல் வெள்ளைத் துணி கட்டி, சீரான வெளிச்சத்தை எடுத்து வைத்தால், எந்த மூலை நூற்றுக்கு எத்தனை வாங்குகிறது என்று தெரிந்துவிடும். அதனால் வகுத்தால் படம் நேராகும். குறைவாகக் காட்டும் தராசுக்குக் கணக்கால் திருத்தம் செய்வது போன்றதே இது.

இவை யாவும் காமிராவின் ரா கோப்புகளில்தான் நடக்கும். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிநிலை வெளிச்சம் பதியும். சாதாரண ஜேபெக் படத்தில் 256 மட்டுமே. அடுக்கி முடித்த படம் முதலில் கரிக்கட்டை போல இருட்டாகவே தெரியும். அன்பர்கள் மனம் தளரக்கூடாது. சரக்கு எல்லாம் உள்ளே இருக்கிறது. இருட்டின் ஓரத்தில் நெருக்கி அடைந்து கிடக்கிறது. அதை மெல்ல விரித்துக் கொணர்வதற்கு ஸ்ட்ரெட்ச் என்று பெயர். புதியவர்கள் கை இங்கேதான் துடிக்கும். ஒரே இழுப்பில் இழுத்தால் நட்சத்திரமெல்லாம் சுண்ணாம்புப் பொட்டாகிவிடும்.

பாடம் சொல்வோர் பெரும்பாலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ளவர்கள். நெபுலா போட்டோஸ் என்னும் யூடியூப் பக்கத்தில் நீக்கோ கார்வர் என்பவர், நட்சத்திரத்தைப் பின்தொடரும் கருவி இல்லாமலே ஓரியன் ஒளிமேகத்தைச் சாதாரணக் காமிராவால் எடுத்துத் துலக்கும் நீண்ட பாடத்தை இலவசமாக வைத்திருக்கிறார். பொறுமையான ஆசிரியர். ஆங்கிலம் வேகமாகப் பட்டால் வீடியோவின் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக்கொள்ளலாம். முப்பது கலைச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

ஆனால் அவர்கள் சொல்வதை அப்படியே இங்கே பின்பற்ற முடியாது. கருவியைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் திருப்புங்கள் என்பார்கள். நமக்கோ அது அடிவானத்திலிருந்து ஒரு பாகை உயரத்தில், மூட்டத்துக்குள் கிடக்கிறது. குளிர்ந்த இரவில் எடுங்கள் என்பார்கள். நம் இரவு வெப்பத்தில் காமிரா இரைச்சல் அதிகம். கறுப்புப் படம் நமக்குத்தான் அவர்களைவிட அவசியம். 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்று தெரியும் என்பது அவர்கள் விதி. 50 மில்லிமீட்டருக்கு 10 விநாடி. சிறிய சென்சார் உள்ள காமிராவாயின் 6 அல்லது 7. ஓரியனோ வான நடுக்கோட்டில் இருப்பது. அங்கேதான் நட்சத்திரம் மிக வேகமாக நகர்வதாகத் தெரியும். 4 அல்லது 5 விநாடியோடு நிறுத்துவது நமது அபிப்பிராயம்.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இக்கல்வியில் ஒரு தனிச் சுகம் உண்டு. ஆங்கிலத்தில் ரைஜெல் என்று எழுதியிருப்பது ரிஜ்ல், கால். டெனெப் என்பது தனப், வால். ஃபோமல்ஹாட் என்பது ஃபமுல் ஹூத், மீனின் வாய். அல்டெபரான் பின்தொடர்வது, சுரையா என்னும் கார்த்திகைக் கூட்டத்தின் பின்னே அது வருகிறது. நம் தமிழில் அதுவே ரோகிணி. ஆண்ட்ரோமிடா மண்டலத்தைச் சிறு மேகம் என்று 964-ல் எழுதி வைத்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. அது 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள வேறொரு நட்சத்திரக் கூட்டம் என்பது மிகப் பிற்காலத்தில் தெரிந்தது.

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். துலக்குவது வேறு, வரைவது வேறு. கழித்தல், வகுத்தல், சராசரி, விரித்தல் ஆகியவை இருப்பதை வெளிக்கொணர்வன. இல்லாததைச் சேர்ப்பது கலப்படம். 2023-ல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய சந்திரன் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்துக் கைத்தொலைபேசியால் எடுத்தார். மூலத்தில் இல்லாத பள்ளங்களும் வடுக்களும் தொலைபேசியின் படத்தில் துல்லியமாக வந்திருந்தன. சந்திரன் இப்படித்தான் இருக்கும் என்று பழக்கப்பட்ட இயந்திரம், தானே நிரப்பிக்கொண்டது.

இது நமக்குச் சின்ன விஷயமன்று. நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவில் பிறைப் படம் என்று ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றி வரும். அதைக் கண்டு நாளைக்கே பெருநாள் என்று சரக்கை விலை இறக்கியவர்களும், வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பியவர்களும் உண்டு. மறுபக்கம், மெய்யான பிறையையும் கண்ணுக்கு எட்டாத நிலையில் காமிரா பிடித்துவிடும். 2013 ஜூலை 8-ல் தியரி லெகோ என்னும் பிரெஞ்சுக்காரர், அமாவாசைக் கணத்திலேயே, பட்டப்பகலில், அகச்சிவப்பு ஒளியில் பிறையைப் படம் எடுத்தார். யார் கண்ணுக்கும் தெரிந்திருக்க முடியாத பிறை அது. எனவே படம் பொய்யாயினும் மெய்யாயினும், கண் கண்டதாக ஆகிவிடாது. காமிராப் பிறைக்கு மார்க்கத்தில் என்ன இடம் என்பதை ஆலிம்கள் சொல்ல வேண்டும். நாளை அறிவிப்பது முஃப்தி அவர்களின் பொறுப்பு. கடைக்காரராகிய நாம் கேட்கத் தக்கது ஒன்றுண்டு. துலக்காத மூலக் கோப்பு எங்கே, எந்த ஊரில் எத்தனை மணிக்கு எடுத்தது? ரசீது இல்லாத சரக்கை நாம் வாங்குகிறோமா?

கற்க விரும்பும் அன்பர்கள் முதலில் காமிராவுக்குக் காசு போட வேண்டாம். பாடம் நடத்துவோரில் சிலர் தாம் எடுத்த மூலப் படங்களையே பயிற்சிக்கு இலவசமாகத் தருகிறார்கள். சிரில் என்னும் அடுக்கும் மென்பொருளும், வர்ணம் திருத்தும் கிம்ப்பும் இலவசமே. ஒரே கோப்பை மூன்று முறை தொடக்கத்திலிருந்து செய்து பார்த்தபின், கை பிடிபட்டால், பழைய காமிரா ஒன்றும் ஆடாத முக்காலி ஒன்றும் வாங்கலாம். ஓரியன் டிசம்பர் முதல் மார்ச் வரை முன்னிரவில் தெரியும். டிசம்பர், ஜனவரியில் மெர்சிங் பக்கம் மழை கொட்டும். ஆதலால் மார்ச் மாதத்து அமாவாசையை ஒட்டிய இரவாகப் பார்த்துப் புறப்படுவது உத்தமம். கூடுதல் பேட்டரியும், லென்ஸில் பனி படிந்தால் துடைக்க மெல்லிய துணியும் மறவாமல் எடுத்துச் செல்லவும்.