‘தண்ணியில கண்டம்’

எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான். “பன்னிரண்டு வயசு வரைக்கும் தண்ணியில கண்டம்” என்று ஜோசியர் சொல்லிவிட்டதால் ஆடிப்பெருக்கன்றுகூட அவனை ஆற்றங்கரைப் பக்கம் விடமாட்டார்கள். பள்ளிக்கூடச் சுற்றுலா கடற்கரைக்கு என்றால் அன்று அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதே வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு சிமென்ட் தொட்டி நாள் முழுக்க நிரம்பித் திறந்தே கிடக்கும். அவன் தங்கைக்கு அப்போது இரண்டு வயது. ஒரு நாள் காலையில் கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட் மேல் ஏறி நின்று, மக்கைத் தொட்டிக்குள் விட்டு அளைந்துகொண்டிருந்தவளைப் பூக்காரம்மாதான் பார்த்துத் தூக்கினார். கண்டம் எந்தப் பிள்ளைக்கு என்று ஜோசியர் மாற்றிச் சொல்லிவிட்டாரோ என்னவோ, அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தண்ணீரைப் பற்றிய பயத்துக்கு நம் வீடுகளில் குறைவில்லை. அது ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறதே தவிர, கொல்லைக்கு வருவதில்லை. அப்படிச் சில நம்பிக்கைகளை இங்கே பார்க்கலாம்.

நம்பிக்கை: “எங்க வீட்டுல கிணறே இல்லை, அப்புறம் என்ன பயம்?”

உண்மை: நடை பழகும் குழந்தை மூழ்குவதற்கு ஆழம் தேவையில்லை. மூக்கும் வாயும் மறையும் அளவு, அதாவது இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் தலை மட்டுமே கால் பங்கு. வளர்ந்த மனிதருக்கு அது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதனால் இரண்டு வயதுப் பிள்ளை பக்கெட்டுக்குள் விழுந்த பொம்மையை எடுக்கக் குனிந்தால் தலைக் கனம் முன்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். கால் அந்தரத்தில் நிற்கும். கையை ஊன்றி நிமிரத் தோளில் வலு கிடையாது. பிள்ளை உதைக்கிற உதையில் பக்கெட்டாவது சாயுமா என்றால், அதுவும் சாயாது. உள்ளே இருக்கிற தண்ணீரின் எடையே அதை அசையாமல் நிறுத்திவைக்கும். அமெரிக்காவில் 5 காலன் பக்கெட்டுகளின் வெளிப்புறத்தில் ஒரு குழந்தை தலைகுப்புற விழும் படத்தை எச்சரிக்கையாக அச்சிடுவார்கள். 5 காலன் என்பது சுமார் 19 லிட்டர். நம் குளியலறையில் நிற்கிற பக்கெட்டும் கிட்டத்தட்ட அதே அளவுதான், படம்தான் இல்லை.

கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் உண்டு, “கிட்ட போகாதே” என்று அதட்டுகிற பாட்டி உண்டு. நகரத்தில் கிணற்றைத் தூர்த்துவிட்டு நாம் கட்டிய சம்ப்புக்கு இந்த இரண்டும் கிடையாது. கேட்டைத் திறந்தவுடன், வண்டி நிறுத்துகிற இடத்தில், தரையோடு தரையாக இருக்கிறது. கோடையில் லாரித் தண்ணீர் வருகிற நாளை நினைத்துப் பாருங்கள். மூடியை நெம்பி ஓரமாகச் சாய்த்து வைக்கிறோம். பாம்புபோலக் குழாய் உள்ளே போகிறது. சம்ப் நிரம்பியதும் லாரிக்காரர் குழாயைச் சுருட்டுகிறார், நாம் காசு எடுக்க உள்ளே போகிறோம், அதற்குள் செல்போன் அடிக்கிறது. மூடி அப்படியே கிடக்கிறது. சில வீடுகளில் விரிசல் விட்ட பழைய சிலாபுக்குப் பதில் ஒரு தகரத்தைப் போட்டு, அது பறக்காமலிருக்க மேலே இரண்டு செங்கல் வைத்திருப்பார்கள். குழந்தை அதன் ஓரத்தில் கால் வைத்தால் தகரம் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். தகரத்தை நான் மூடியாகவே ஒத்துக்கொள்ளமாட்டேன். கீல் வைத்துப் பூட்டுப் போடும் இரும்பு மூடி ஒன்றுதான் சரி.

நம்பிக்கை: “விழுந்தா சத்தம் கேக்காதா?”

உண்மை: கேட்காது. சினிமாவில் மூழ்குகிறவர்கள் கையை ஆட்டுவார்கள், “காப்பாத்துங்க” என்று அலறுவார்கள். அலறுவதற்கு முதலில் மூச்சு வேண்டும். நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா, மூழ்குகிறவர்களை உண்மையிலேயே படம்பிடித்துப் பார்த்து, அவர்களால் கூப்பிடவும் முடியாது, கையசைக்கவும் முடியாது என்று எழுதினார். பெரியவர்களுக்கே அந்தக் கதி. பக்கெட்டுக்குள் தலை போன குழந்தையிடமிருந்து என்ன சத்தம் வரும்? அடுப்படியில் இருந்துகொண்டு காதைக் கொல்லைப்பக்கம் வைத்திருப்பது காவல் ஆகாது. பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டால் அதுதான் ஓடவேண்டிய நேரம். ஓடும்போது முதலில் தண்ணீர் இருக்கிற இடத்தைப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

நம்பிக்கை: “மூத்தவன் பாத்துக்குவான்.”

உண்மை: மூத்தவனுக்கே ஆறு வயது. பங்களாதேஷில் சிறு குழந்தைகள் மூழ்குவது பெரும்பாலும் வீட்டை ஒட்டிய குட்டைகளில். அதுவும் தாய் வீட்டு வேலையில் மூழ்கியிருக்கும் பகல் பொழுதில். அதனால் ‘ஆஞ்சல்’ என்ற பெயரில் கிராமத்துக்குள்ளேயே காப்பகங்களைத் திறந்து, காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை குழந்தைகளை வளர்ந்த ஒருவரின் கண்பார்வையில் வைத்தார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. நம் வீடுகளிலும் குக்கர் விசில் அடிப்பது, துணி ஊறுவது, மோட்டார் ஓடுவது எல்லாம் அந்த நேரத்தில்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

நம்பிக்கை: “நாய்க்கு யாராவது நீச்சல் கத்துக்கொடுப்பாங்களா?”

உண்மை: எல்லா நாயும் நீந்திவிடாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு முன்னுடம்பு கனம். மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைத்திருப்பதே பெரும்பாடு. குட்டைக்கால் டாஷண்டும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த நாட்டு நாயையும் பூனையையும் கொல்வது தண்ணீர் அல்ல, சுவர். வழவழவென்று பூசிய தொட்டியில் நகம் பிடிக்காது. சுற்றிச் சுற்றி வந்து களைத்துவிடும். விளிம்புவரை நிரம்பிய டிரம்மில் விழுந்த பூனைக்குட்டி விளிம்பைப் பற்றி ஏறிவிடலாம். பாதி டிரம்மில் விழுந்தால் அதற்கு வழியில்லை. மூட முடியாத தொட்டி என்றால் ஒரு சொரசொரப்பான பலகையைச் சாய்வாகக் கட்டிவையுங்கள், அல்லது தடித்த சாக்கு ஒன்றைத் தண்ணீருக்குள் தொங்குமாறு விளிம்பில் இறுக்கிக் கட்டுங்கள். இதில் இன்னொன்றும் இருக்கிறது: நாய்க்குட்டி எங்கே போகிறதோ, அதன் வாலைப் பிடிக்கப் பிள்ளையும் அங்கே போகும்.

நம்பிக்கை: “யோசிக்காம குதிச்சிடணும்.”

உண்மை: வெகுநாள் மூடிக் கிடந்த சம்ப்பிலும் பாழுங்கிணற்றிலும் காற்று கெட்டிருக்கும். முதலில் இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்க அடுத்தவர் இறங்க, இப்படி ஒரே குழியில் பலர் போன செய்திகள் நமக்குப் புதிதல்ல. நீங்கள் இறங்காதீர்கள். மேலே நின்றபடியே கயிறு, ஏணி, கொம்பு என்று எதையாவது நீட்டுங்கள்; ஒருவர் 101-க்குப் பேசட்டும். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் தத்தளித்த இளைஞர்களுக்கு மூன்று பெண்கள் தங்கள் சேலையை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள். தமிழக அரசு அந்தப் பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. எட்டிக் கொடுப்பதும் வீசிக் கொடுப்பதும் குதிப்பதைவிடக் குறைந்த வீரம் இல்லை.

நம்பிக்கை: “காலைப் பிடிச்சுத் தலைகீழாச் சுத்தணும், வயித்த அமுக்கித் தண்ணிய எடுக்கணும்.”

உண்மை: இந்தப் பட்டியலிலேயே பெரிய தவறு இதுதான். வயிற்றை அமுக்கினால் வெளியே வருவது குழந்தை குடித்த தண்ணீரும் தின்ற சோறும். அது திரும்ப மூச்சுக்குழாயில் இறங்கும். நெஞ்சுக்குள் போன தண்ணீரைவிட, நின்றுபோன மூச்சுதான் உயிரைக் குடிக்கிறது. சுற்றுகிற ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குக் காற்று இல்லாத நிமிடம். கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்று நிமிர்த்தி, மார்பு எழும்புகிற அளவு முதலில் ஐந்து முறை ஊதுங்கள். கைக்குழந்தை என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊத வேண்டும். அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், இரண்டு மூச்சு, மறுபடி 30. பக்கத்தில் இருப்பவர் 108-ஐக் கூப்பிடட்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கண் திறந்து அழுதாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறல் வரும். மூழ்கியவரை உப்பில் புதைத்தால் உயிர் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது சுத்தப் பொய்.

கண்டம் என்று சொல்லி நீச்சலே கற்றுத்தராமல் இருப்பதும் ஒரு வினைதான். ஆறு வயதுக்கு மேல் கற்றுக்கொடுங்கள். அதற்காக, நீச்சல் தெரிந்த பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எங்கள் தெருப் பையனுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல். கண்டம் கழிந்து நாளாகிறது. நீச்சல் இன்னும் தெரியாது.

இன்று உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் லாரி வந்திருந்தால், இதை வைத்துவிட்டு சம்ப் மூடியை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வரும் வழியில் குளியலறை பக்கெட்டையும் கவிழ்த்துவிடுங்கள்.