நீராவி எஞ்சினும் டீசல் எஞ்சினும்

அமைப்பில் எளிய யந்திரமே சிக்கனமானது என நாம் எண்ணுவதுண்டு. உண்மை வேறு.

நீலகிரி மலை ரயிலில் இருவகையையும் காணலாம்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி, அதற்குமேல் உதகமண்டலத்திற்கு டீசல். நீராவி எஞ்சினில் தீ உருளைக்கு வெளியே எரிகிறது. உறுப்புகள் பெரியவை, பழுது எளிதில் புலப்படும். ஆயினும் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட இழுவையாவதில்லை. எஞ்சியது புகையோடும் ஆவியோடும் போகிறது.

டீசலில் எண்ணெய் உருளைக்குள்ளேயே எரிகிறது. 1897இல் ருடால்ஃப் டீசலின் எஞ்சின் சோதிக்கப்பட்டபோதே நூற்றுக்கு 26 பங்கு வேலையாயிற்று. ஆனால் எண்ணெயைப் பீச்சும் பம்பும் நாசிலும் மிக நுண்ணியவை. சிறு தூசியும் அவற்றைக் கெடுக்கும்.

ஆகவே, சேலம் நாமக்கல் பகுதிகளில் கிணற்றுக்கு டீசல் எஞ்சின் வைத்துள்ள அங்கத்தினர்கள் எண்ணெயை வடிகட்டியே ஊற்றுதல் வேண்டும். தவறினால் எண்ணெயில் மிஞ்சிய பணம் பழுதுபார்ப்பில் கரையும். சங்கக் கடன் தவணையும் நிற்கும்.